முதியோர் உதவித்தொகை: அத்தைக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டவை

என் அத்தைக்கு முதியோர் பணம் வர ஆரம்பித்ததிலிருந்து தெருவில் யாராவது ஒருவர் என்னை நிறுத்தி, "எங்க அம்மாவுக்கும் எழுதிப் போடணும், எப்படிம்மா போட்டீங்க?" என்று கேட்கிறார்கள். நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயமா அது? பாதி சொல்வதற்குள் பஸ் வந்துவிடுகிறது. அதனால் ஒரே மூச்சில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தைக்கு 68 வயது. விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். மாமா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நடவு, களை, அறுப்பு என்று கழனியிலேயே அத்தையின் காலம் போனது. முட்டி தேய்ந்த பிறகு அதுவும் நின்றுவிட்டது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், ஸ்கூல் ஃபீஸ். முடிந்த மாதம் பணம் அனுப்புவான். முடியாத மாதத்தில் அத்தை கேட்கவும் மாட்டார்.

நான் பக்கத்து டவுனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பழக்க தோஷத்தில் ஒருநாள் அத்தையின் மாதச் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அரிசிக்குச் செலவில்லை, 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம்தான். துவரம் பருப்பும் பாமாயிலும் ரேஷன் விலையில் வந்துவிடும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்பதால், ஒரு பல்பும் ஒரு ஃபேனும் ஓடுகிற வீட்டில் கரண்ட் பில் பெரிதாக வராது. ஆனால் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மெடிக்கல் ஷாப்பில் மாதம் 600 ரூபாய்க்குக் குறையாமல் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் பால், காய், கேஸ், வெற்றிலை பாக்கு. கடைசி வரியில் மொய் என்று எழுதினேன். கையில் மொய்ப்பணம் இல்லையென்றால் அத்தை அந்த விசேஷத்துக்கே போகமாட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துகொள்வார். பல வருஷமாக நாங்களும் அதை நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்தத் தாளைப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. அரசாங்கம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருப்பதெல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தால் அத்தை யாரிடமும் கை நீட்டாமல் இருந்துவிடலாம். ஆனால் எதுவும் தானாக வீடு தேடி வராது. ஒவ்வொன்றையும் யாராவது போய்க் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு விட்டுவிடாமல் பின்தொடரவும் வேண்டும். தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு முடியாமல் போவது அந்த இரண்டாவது வேலைதான்.

முதலில் உதவித்தொகை. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011இல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. அதற்கப்புறம் 12 வருஷம் அப்படியே இருந்து, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. இதில் ஒரு பகுதி மத்திய அரசின் பங்கு: வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள 60 முதல் 79 வயது வரையானவர்களுக்கு 200 ரூபாய், 80 வயதானால் 500 ரூபாய். மீதியை மாநில அரசு போடுகிறது. 2007இல் இந்திரா காந்தி பெயரில் மத்தியத் திட்டம் வந்தபோதும் 200தான், இன்றும் 200தான். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. இவ்வளவு சின்னத் தொகையை ஒரு மாதத்துக்கான பங்கு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

சரி, யாருக்குக் கிடைக்கும்? 60 வயது முடிந்திருக்க வேண்டும், ஆதரவற்ற நிலையில் இருக்க வேண்டும், பெயரில் உள்ள அசையாச் சொத்தின் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆதரவற்ற நிலை என்பதை யார், எப்படி முடிவு செய்வது என்பதில்தான் அத்தனை இழுபறியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கணவனை இழந்தவர்கள் எல்லோரும் விதவை உதவித்தொகைக்குத்தான் போட வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. 60 தாண்டியவர்கள் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தொகை ஒன்றுதான், இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. விதவை உதவித்தொகைக்குக் கணவரின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். மாமா இறந்தபோது அதை யாரும் பதிவு செய்யவில்லை. கிராமத்தில் அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படித்தான். ஒரு வருஷத்துக்கு மேல் போன இறப்பை இப்போது பதிவு செய்வதானால் அதற்கென்று தனியாக உத்தரவு வாங்க வேண்டும். அது வேறொரு பெரிய அலைச்சல். வயதின் அடிப்படையில் போட்டால் அந்தச் சான்றிதழே தேவைப்படாது. அத்தைக்கு அப்படித்தான் போட்டோம்.

அடுத்தது காகிதங்கள். யாராவது என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டால் நான் சொல்வது இதைத்தான்: விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பாஸ்புக் நான்கையும் பாயில் பரப்பி வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். அத்தையின் ஆதாரில் பெயருக்குப் பின்னால் 'அம்மாள்' இருந்தது, ரேஷன் கார்டில் இல்லை. பாஸ்புக்கில் இனிஷியல் மாமாவுடையது, வாக்காளர் அட்டையில் தாத்தாவுடையது. வயது மூன்று விதம். படிக்காத ஒரு பெண்மணியின் பெயரையும் வயதையும் ஒவ்வொரு ஆபீஸிலும் யாரோ ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு விலை கொடுப்பது மட்டும் அவர்.

ஆதாரை மையமாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்றபடி மாற்றுவதுதான் சுலபம். ரேஷன் கார்டில் பெயர்த் திருத்தம் இ-சேவை மையத்திலேயே செய்யலாம். பாஸ்புக்குக்கு வங்கியில் ஒரு படிவம் போதும். ஆனால் ஆதாரிலேயே வயது குறைவாகப் பதிந்திருந்தால் ரொம்ப நிதானமாக இருங்கள். பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள். யாரோ சொன்னார்கள் என்று அவசரமாகப் போய்க் கையில் இருக்கும் ஏதோ ஒரு காகிதத்தைக் கொடுத்து மாற்றாதீர்கள். எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்று முதலில் ஆதார் மையத்தில் கேட்டுக்கொண்டு, அது கைக்கு வந்த பிறகு போங்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு எழுபதுக்குக் குறையாது, பேத்திக்கே கல்யாணமாகிவிட்டது. ஆதாரில் 57. அந்த ஒரு எண்ணுக்காக இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று செல்போன் நம்பர். விண்ணப்பம் போடும்போது ஓடிபி வரும். ஆதாரோடு இணைத்திருந்தது அத்தையின் மகன் எப்போதோ வைத்திருந்து தொலைத்த நம்பர். அதனால் ஆதார் மையத்துக்குப் போய்ப் புது நம்பரைச் சேர்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு நகர முடிந்தது. வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் இந்த வேலையை இன்றைக்கே செய்துவிடலாம். உதவித்தொகை வேண்டுமோ இல்லையோ, ரேஷன், கேஸ், வங்கி எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும். மாறாமல் இருக்கும் நம்பராக, கூடவே இருப்பவரின் நம்பராகக் கொடுங்கள்.

இ-சேவை மையத்தில் போட்டோ, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு கேன் நம்பர் என்று ஒன்று போடுவார்கள். அடுத்தடுத்து எந்தச் சான்றிதழ் கேட்டாலும் அதே நம்பர்தான். ரசீதை வாங்கும்போது விண்ணப்ப எண் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மெலிந்த தாள் ஆறு மாதத்தில் வெளுத்துப்போகும், அதனால் அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

இ-சேவையில் போட்டதோடு வேலை முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்துவிடுகிறார்கள். அங்கிருந்து விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் போகும், அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளரிடம், அப்புறம் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம். தாலுகா ஆபீஸில் சாதாரண தாசில்தார் ஒருவர் இருப்பார். உதவித்தொகைக்கு இந்தத் தனி தாசில்தார்தான். இது தெரியாமல் வேறு அறை வாசலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தபோது நானும் கூட இருந்தேன். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "ஏன் ஆயா, பையன் என்ன பண்றான்?"

"திருப்பூர்ல இருக்கான் சார்."

"மாசம் எவ்வளவு அனுப்புவான்?"

அத்தை உடனே, "அவன் நல்லாப் பாத்துக்கிறான் சார், ஒரு குறையும் இல்ல" என்றார். வயதான அம்மா ஒருவரிடம் நாலு பேர் முன்னால் இப்படிக் கேட்டால் வேறென்ன பதில் வரும்? மகனை விட்டுக்கொடுத்துப் பேச எந்தத் தாய்க்கு மனசு வரும்? அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே அறிக்கையில் எழுதினால் விண்ணப்பம் அங்கேயே தள்ளுபடி. நான் குறுக்கிட்டு, மகன் எந்தெந்த மாதம் எவ்வளவு அனுப்பினான் என்பதை பாஸ்புக்கைத் திறந்து காட்டினேன். நாலு மாதம் ஒன்றும் வராமல் இருந்தது அதில் தெரிந்தது. அவரும் புரிந்துகொண்டு அதை எழுதிக்கொண்டார். பொய் சொல்லச் சொல்லவில்லை. உள்ளதைக் காகிதமாகக் காட்டுங்கள் என்கிறேன். விசாரணை நாளில் விவரம் தெரிந்த ஒருவர் கட்டாயம் கூட இருங்கள். முடிந்தால் அதற்கு முன்பே பெரியவரிடம் உட்கார்ந்து, இது மகனைக் குற்றம் சொல்வது இல்லை, கணக்குச் சொல்வது மட்டும்தான் என்று பேசிவையுங்கள்.

இந்த இடத்தில்தான் புரோக்கரும் வருவார். எங்களிடமும் ஒருவர் வந்தார். "மூவாயிரம் கொடுங்க, அடுத்த மாசமே பணம் ஏறும்" என்றார். மூவாயிரம் என்பது இரண்டரை மாத உதவித்தொகை. கொடுத்தவர்களுக்கும் வரிசையில்தான் வந்தது, கொடுக்காத எங்களுக்கும் வரிசையில்தான் வந்தது. இ-சேவையில் கட்டும் சிறிய சேவைக் கட்டணத்தைத் தவிர இதற்கு எங்கேயும் பணம் கட்ட வேண்டியதில்லை.

தகுதி உண்டு என்று முடிவானதும் பணம் வந்துவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். மாநிலம் முழுக்க இந்தச் சமூகப் பாதுகாப்பு உதவித்தொகைகளை வாங்குவோர் சுமார் 30 லட்சம் பேர். புதிதாகச் சேர்பவர்கள் ஒதுக்கீடு வரும்வரை காத்திருப்போர் பட்டியலில் இருப்பார்கள். அந்தக் காலத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நம் மனு எங்கே இருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டுக்கொண்டே இருப்பது. வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே மனு கொடுத்தால் அதற்கு ஓர் எண் போடுவார்கள், அந்த எண்ணுக்கு யாராவது ஒருவர் பதில் எழுதியாக வேண்டும். பஸ் ஏற முடியாதவர்கள் 1100 என்ற எண்ணுக்குப் போன் செய்து முதல்வரின் முகவரித் துறையில் புகாரைப் பதியலாம். வருஷத்துக்கு ஒருமுறை தாலுகாவில் ஜமாபந்தி என்ற வருவாய்க் கணக்குத் தணிக்கை நடக்கும்போதும் கொடுக்கலாம். எதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கவே இருக்கிறது. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, "இன்ன எண்ணுள்ள விண்ணப்பத்தின் மீது இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன" என்று ஒரே வரியில் கேளுங்கள். நீளமாக எழுத வேண்டாம்.

எங்கள் விஷயத்தில் நகர்த்தியது திங்கட்கிழமை மனுதான் என்று நினைக்கிறேன். மனு போன கொஞ்ச நாளில், பெயர் வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டுக் கோப்பு மாதக்கணக்காக ஓர் அலுவலகத்தில் முடங்கிக் கிடந்தது தெரிய வந்தது. அதை எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை. நாங்கள் திருத்திய ரேஷன் கார்டைக் கொண்டுபோய்க் காட்டியதும் அங்கிருந்து நகர்ந்தது.

ஒருவழியாக உத்தரவு வந்தது. அடுத்த சிக்கல் வங்கி. அத்தைக்கு இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தது. ஒன்று நூறு நாள் வேலைக் கூலிக்காகத் திறந்தது, இன்னொன்று எப்போதோ நகை அடகு வைக்கப்போனபோது திறந்தது. அரசுப் பணம் ஆதார் வழியாக வரும்போது, நாம் நினைக்கும் கணக்குக்குப் போகாது; எந்தக் கணக்கில் கடைசியாக ஆதாரை இணைத்தோமோ அதற்குத்தான் போகும். பணம் ஏறவில்லை என்று கவலைப்பட்டவர்கள் பலருக்கு, தாங்கள் மறந்தே போன ஒரு கணக்கில் அது ஏறிக்கொண்டிருந்தது. உங்கள் ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம், வங்கியிலும் கேட்கலாம். பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வங்கிக்கு மாற்றி, வேண்டாத கணக்கை மூடிவிடுங்கள்.

மூடாத கணக்கு இன்னொரு விதத்திலும் தின்னும். மினிமம் பேலன்ஸ் இல்லை, எஸ்எம்எஸ் கட்டணம், ஏடிஎம் கார்டு கட்டணம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். மினிமம் பேலன்ஸ் தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. கேட்டால் இருக்கிற கணக்கையே அப்படி மாற்றித் தருவார்கள். கேட்டால்தான் தருவார்கள்.

கிராமத்தில் பலர் வங்கிக்கே போவதில்லை. வங்கி முகவர் கைரேகை மெஷினோடு வந்து திண்ணையில் வைத்தே பணம் கொடுத்துவிட்டுப் போவார். முட்டி வலியோடு பஸ் ஏறாமல் இருக்க முடிகிறது என்பதால் நல்ல ஏற்பாடு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் வந்தவர் ஆளுக்கு 50 ரூபாய் எடுத்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தார். கேட்டால் பெட்ரோல் செலவு என்பார். அவருக்கு வங்கியே கமிஷன் கொடுக்கிறது. நாங்கள் தெருவில் இருக்கும் எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டி வைத்து, ஒவ்வொருவரும் மெஷினில் வரும் சீட்டைக் கேட்க வேண்டும், சீட்டில் உள்ள தொகையை எண்ணி வாங்க வேண்டும் என்று சொன்னோம். அந்த மாதத்திலிருந்து 50 ரூபாய் நின்றுபோனது. ஒருவர் தனியாகக் கேட்டிருந்தால் நடந்திருக்காது.

கைரேகை விழாததும் பெரிய பிரச்சினை. வாழ்நாள் முழுக்க நாற்று பிடுங்கிய விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? அத்தையின் கட்டைவிரல் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். மெஷினில் கட்டைவிரல்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்ததில் இடது மோதிர விரல் விழுந்தது. இப்போது நேராக அதையே நீட்டிவிடுகிறார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் துடைத்துவிட்டு, லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வைத்தாலும் எங்களுக்குப் பலன் தெரிந்தது. ரேஷன் கடைகளில் கருவிழிக் கருவியும் வந்துகொண்டிருக்கிறது. கடைக்கே போக முடியாதவர்கள் வேறொருவரை நியமித்துப் பொருள் வாங்க ஒரு படிவம் உண்டு. கடையிலேயே கேட்டு எழுதிக் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கியபோது, 70 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

உத்தரவு கையில் இருந்தால் கூடவே சில விஷயங்கள் வரும், பலருக்குத் தெரிவதில்லை. உதவித்தொகை வாங்குபவர்களுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை உண்டு. சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு சாப்பிடலாம்; சாப்பிடாதவர்களுக்கு மாதம் 4 கிலோ அரிசி, சாப்பிடுபவர்களுக்கு 2 கிலோ. இது ரேஷன் கார்டுக்குக் கிடைக்கும் அரிசிக்கு மேல். கேட்காமலே விட்டவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

இனி மருந்து. என்னைக் கேட்டால் 1,200 ரூபாயைவிட அத்தைக்கு நிம்மதி தந்தது இதுதான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை உள்ளவர்களை ஒரு முறை பதிந்துவிட்டால், ஊரிலேயே இருக்கும் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து அளவு பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. அத்தை முதலில், "ஓசி மாத்திரை கேக்குமா பாப்பா?" என்று தயங்கினார். அவர் கடையில் வாங்கிய அட்டையையும் தன்னார்வலர் கொடுத்த அட்டையையும் பக்கத்தில் வைத்து, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றுதான் என்று எழுத்துக் கூட்டிக் காட்டினேன். அப்புறமும் ஒரு மாதம் பிரஷர் அளவைக் குறித்துவைத்துப் பார்த்த பிறகுதான் நம்பினார். அந்த 600 ரூபாய் மிச்சமாகிறது என்றால், அத்தைக்குக் கிடைப்பது 1,200 இல்லை, 1,800.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும் வாங்கி வைத்தோம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு உண்டு. இதை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு வாங்க ஓடாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். வருமானச் சான்றுக்கும் நாள் ஆகும், கலெக்டர் ஆபீஸில் போட்டோவுக்கு நேரில் போகவும் வேண்டும்.

பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. தாலுகா ஆபீஸ், வங்கி, ஆஸ்பத்திரி என்று நாங்கள் அலைந்த அலைச்சலில் அத்தைக்குப் பஸ் செலவே ஆகவில்லை. ஆண்களுக்கு இது இல்லை. சென்னையில் மட்டும் 60 வயது தாண்டியவர்களுக்கு மாநகர பஸ்ஸில் மாதம் 10 டோக்கன் கொடுக்கிறார்கள். ரயிலில் முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் திரும்பக் கொடுக்கவில்லை. அத்தை முன்பெல்லாம் பாதிக் கட்டணத்தில் திருப்பூர் போய்ப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவார். அது குறைந்துபோனதில் எனக்கு வருத்தம்தான்.

மருமகள்கள் வாங்கும் மகளிர் உரிமைத்தொகைக்கு இது இடைஞ்சலாகுமா என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். உதவித்தொகை வாங்கும் பெண்ணுக்கு உரிமைத்தொகை கிடைக்காது. ஆனால் அதே குடும்பத்தில் தகுதியுள்ள வேறொரு பெண் அதற்கு விண்ணப்பிக்கலாம். 2023 ஆகஸ்டிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டார்கள். மாமியாருக்கு எழுதிப் போட வேண்டாம் என்று தடுக்கிற வீடுகளில் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. சொத்து வரம்பைக் காட்டி, "வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துடு ஆயா, அப்பதான் பணம் வரும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. மாதம் 1,200 ரூபாய்க்காக இருக்கிற ஒரே வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதிக் கொடுத்தபின் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நின்றவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவின்படி, அப்படிக் கொடுத்த சொத்தைப் பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். பிள்ளைகளிடம் மாதப் பராமரிப்புத் தொகை கேட்டும் அதே சட்டத்தில் ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. யாரிடம் கேட்பது என்றே தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் காலை 8 முதல் இரவு 8 மணிவரை பேசலாம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு பி.எஃப். பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சத் தொகையாக வைத்தது, அதற்கப்புறம் ஏறவில்லை. ஒரு வருஷம் அதுவும் நின்றுபோனது. காரணம் உயிர்வாழ் சான்று கொடுக்கவில்லை. நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்று அவர் காத்திருந்தார். பி.எஃப். பென்ஷனுக்கு வருஷத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த தேதியிலிருந்து ஒரு வருஷம் செல்லும். கைரேகை விழாதவர்கள் ஸ்மார்ட்போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கிற வசதி 2021இலிருந்து இருக்கிறது. அவர் பேரன் வாசல் வெளிச்சத்தில் நிற்க வைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லி, கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டான்.

அத்தைக்கு இப்போது மாதா மாதம் பணம் ஏறுகிறது. வந்த அன்றே 200 ரூபாயைத் தனியாக எடுத்து மசாலா டப்பாவில் போட்டுவிடுகிறார், மொய்க்கு. போன ஆவணியில் மூன்று கல்யாணத்துக்குப் போனார். முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பந்தியில் யார் யார் வந்திருந்தார்கள் என்று எனக்குப் போன் செய்து சொன்னார்.

கடைசியாக ஒரு வேலை, எல்லோரும் தள்ளிப்போடுவது. பாஸ்புக்கில் நாமினி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெரியவரையே கேட்டு அவர் சொல்லும் பெயரைப் போடுங்கள். அவர் காலத்துக்குப் பின் வி.ஏ.ஓ.விடமும் வங்கியிலும் உடனே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அதற்குப் பிறகு ஏறும் தொகையைத் திருப்பிக் கேட்பார்கள். விவசாயக் கூலிகள் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருந்தால் ஈமச்சடங்குக்கு உதவித்தொகையும் உண்டு. அந்த அட்டையையும் பாஸ்புக்கோடு ஒரே பையில் போட்டு, பை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.